கடலில்லாத ஊரில் ஒரு படகு

தன்னிடம் ஒரு மோட்டார் படகு இருக்கிறது என்ற விஷயம் கண்ணாடிக்காரருக்கு வங்கியில்தான் தெரியவந்தது.

அதுவரை, தன்னிடம் இருப்பவை எவையென்று ஓரளவு சரியாகத் தெரிந்துவைத்திருப்பதாகவே அவர் நினைத்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை, பஸ் டிப்போவில் டிக்கெட் கொடுக்கும் மனைவி, குருவி என்று கூப்பிடப்படும் ஒரு மகள், பிரேக் பிடிக்காத சைக்கிள். வெல்டிங் பட்டறைக்கு மேலே வாடகைக்கு ஒற்றை அறை. பட்டறைப் புகை தரைப்பலகை இடுக்குகளில் நுழைந்து மேலே வரும். குருவிக்கு மூச்சிரைப்பு. டாக்டர் சீட்டில் மருந்து எழுதிவிட்டு, பேனாவை மூடாமலே, "மருந்த நான் மாத்திக்கிட்டே இருக்கலாம். நீங்க வீட்ட மாத்துங்க" என்று சொல்லியிருந்தார்.

வீடும் கிடைத்தது. நீர்த்தொட்டித் தெருவின் கடைசி வீடு. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் விற்கவிருந்தார். மாடியில் நாலாபுறமும் ஜன்னல்கள். பார்க்கப்போன அன்று குருவி படியேறிப் போய், நடுவில் நின்று, வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சு விட்டுப் பார்த்தாள். அது அவளால் எப்போதாவதுதான் முடியும். "அப்பா, இங்க முடியுதுப்பா" என்றாள். கீழே நர்ஸம்மா, "மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்கேன் தம்பி. அதுக்கு மேல முடியாது, என் பையன் வீட்டுக்குக் கிளம்பணும்" என்றார். சேர்த்துவைத்தது கொஞ்சம் இருந்தது. மீதிக்கு வங்கி.

வங்கியின் கடன் அதிகாரி நல்ல பெண்மணி. விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, நலம் விசாரிக்கும் குரலில், "படகுக்கு ஏன் சார் பணம் கட்டாம இருக்கீங்க?" என்று கேட்டார்.

"எந்தப் படகு?"

"ஏன், மொத்தம் எத்தனை இருக்கு?"

கண்ணாடிக்காரர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். அவருடைய பெயர், அவர் பிறந்த தேதி, அதன் கீழே ஒரு மோட்டார் படகு. வெள்ளை நிறம், சிவப்புக் கோடு, நான்கு பேர் அமரலாம். முதல் தவணைக்குப் பிறகு எதுவும் கட்டப்படவில்லை.

"மேடம், நான் கடலையே பார்த்தது கிடையாது."

"அப்ப எதுக்கு சார் படகு வாங்கினீங்க?" என்று அவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

நாணய மதிப்பீட்டு மையத்துக்குப் போகச் சொன்னார்கள். ஊரில் அதை மார்க் ஆபீஸ் என்பார்கள். வளர்ந்த மனிதர்கள் ஒவ்வொருவருக்கும் மார்க் போடுவது அதன் வேலை. எதற்கு எவ்வளவு மார்க் என்பது ரகசியம். வெளியே தெரிந்தால் ஜனங்கள் வேண்டுமென்றே ஒழுங்காக நடந்துகொள்ளக்கூடும் என்ற அச்சம் மையத்துக்கு இருந்தது.

காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளைத் தரையோடு சேர்த்துத் திருகியிருந்தார்கள். கண்ணாடிக்காரரால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது, நின்றால் கை சட்டைப் பொத்தானைத் திருகியது. பக்கத்தில் ஒரு அம்மாள், "வாஷிங் மெஷின் கடன் அடைச்சாச்சு. மெஷின் செத்தும் போச்சு. எடைக்குப் போட்டுட்டேன். கடன் மட்டும் இன்னும் உயிரோட இருக்குங்கறாங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்திருந்த இளைஞனுக்கு வேறு தொல்லை. அவன் வாழ்நாளில் கடனே வாங்கியதில்லை, அதனால் மார்க்கே இல்லை. யாரிடமாவது எதையாவது வாங்கித் திருப்பிக்கொடுத்துப் பழகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் கண்ணாடிக்காரரிடம் பேனா கேட்டான். கொடுத்ததும் உடனே திருப்பிக்கொடுத்துவிட்டு, "இதை நீங்க அவங்ககிட்ட சொல்லணும் சார்" என்றான்.

கவுன்ட்டரில் இருந்தவர் அறிக்கையை அச்செடுத்து நீட்டினார். "இப்ப அஞ்சு மார்க் குறைஞ்சிருக்கும்."

"எதுக்கு?"

"அறிக்கையைப் பார்த்தீங்கல்ல. மடியில கனம் இல்லாதவன் எதுக்கு சார் பார்க்கப்போறான்?"

"தப்பா இருக்கேன்னுதான்..."

"புகாரா? அதுக்குப் பத்து மார்க். ஆனா கவலைப்படாதீங்க, புகார் நியாயமா இருந்தா திருப்பித் தருவோம்."

"இதுவரைக்கும் யாருக்காவது திருப்பித் தந்திருக்கீங்களா?"

அவர் கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ குறித்துக்கொண்டார். "சந்தேகப்படுறதுக்குத் தனி மார்க் இருக்கு" என்றார்.

திருத்தப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. அதன் அதிகாரி மெலிந்தவர், மென்மையாகப் பேசுபவர். மேசை மேல் பிளாஸ்டிக் செடி வைத்திருந்தார், அதற்குத் தண்ணீர் ஊற்ற ஒரு குவளையும் வைத்திருந்தார்.

"இந்தப் பிரிவு தொடங்கின நாள்ல இருந்து இங்கதான் இருக்கேன்" என்றார் பெருமையோடு. "இதுவரைக்கும் ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்கப்படல. அந்த அளவுக்கு எங்க வேலை சுத்தம்."

"சார், இது வேற யாரோட படகோ. என் பேர்லயே இன்னொருத்தர் இருக்கணும். அதே தேதியில பொறந்தவரா இருக்கலாம்."

"இருக்கலாம். ஒரே பேரு, ஒரே தேதின்னா ரெண்டு பேரையும் மையம் ஒருத்தராத்தான் பார்க்கும். நாங்க ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்கிறதில்ல. இவர் ஒசத்தி, அவர் தாழ்த்தின்னு பிரிக்கிறது எங்க கொள்கை கிடையாது."

"அப்ப அவரோட கடனை நான் கட்டணுமா?"

"உங்க நல்ல பழக்கம் எல்லாம் அவருக்குப் போயிருக்குமே, அதை நினைச்சு சந்தோஷப்படுங்க. கரன்ட் பில்ல ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லைனு அவர் அறிக்கையில இருக்கும். அது நீங்கதான். எங்கயோ ஒருத்தர் உங்களால நிமிர்ந்து நடக்கிறார்."

கண்ணாடிக்காரருக்கு ஒரு கணம் உண்மையிலேயே மனம் நெகிழ்ந்தது. பிறகு தேதி நினைவுக்கு வந்தது. "சார், மாசக் கடைசிக்குள்ள வீடு முடிக்கணும். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

"சுலபம். படகு இல்லைனு சான்று வாங்கிட்டு வாங்க."

படகுகளுக்குச் சான்று தருவது நீர்வழித் துறை. ஊரில் நீரோ வழியோ இல்லாவிட்டாலும் துறைக்கு ஒரு கிளை இருந்தது. ஒரு விபத்துகூட நடக்காத ஒரே கிளை என்பதால் அதன் சுவர் முழுக்கப் பாராட்டுப் பத்திரங்கள். உள்ளே இருந்த அதிகாரி ஆளைக் கண்டதும் அவசரமாக எழுந்து எதிர் நாற்காலியின் தூசியைத் துடைத்தார். அவரைப் பார்க்க யாரும் வந்ததேயில்லை.

"படகு இருந்தா இருக்குன்னு எழுதலாம்" என்றார் யோசனையோடு. "இல்லைன்னா பதிவு எண் கட்டத்துல என்ன எழுதறது? நீளம், அகலம்? காலியா விட்டா மேலிடத்துல கேள்வி வரும்."

"இல்லைன்னே எழுதிக் கொடுங்களேன்."

"அப்படி மேலோட்டமா எழுத முடியுமா? ஆய்வு பண்ணணும். இங்க ஆய்வாளர் ஒருத்தர் இருக்கார். பாவம், வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து ஆய்வே பண்ணினதில்ல. அவருக்கும் ஒரு வாய்ப்பா இருக்கும்."

ஆய்வாளர் மறுநாளே வந்தார். மிதவைச் சட்டை அணிந்திருந்தார். பட்டறைக்கு மேலேயுள்ள ஒற்றை அறையில், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அலமாரியைத் திறந்து துணிகளை விலக்கினார். ஜன்னல் ஓரம் நின்று, "இங்கிருந்து இறக்க வசதி இருக்கா?" என்று கேட்டார்.

"நாலு பேர் உட்கார்ற படகைங்களா?" என்றாள் மனைவி. "இங்க நாங்க மூணு பேர் உட்கார்றதுக்கே ஒருத்தர் எந்திரிக்கணும்."

"வீட்டுக்காரம்மா ஒத்துழைக்கணும்."

"ஒத்துழைக்கிறேனே. தண்ணிக் குடத்துக்குள்ள பார்த்தீங்களா? படகு தண்ணியிலதானே இருக்கும்."

ஆய்வாளர் குடத்துக்குள்ளும் எட்டிப்பார்த்தார். குருவி இருமிக்கொண்டே சிரித்தாள், சிரித்ததால் இன்னும் இருமினாள். கண்ணாடிக்காரர் அவள் முதுகைத் தடவியபடி, "எழுதிட்டீங்களா சார், எழுதிட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆய்வாளர் அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தார்: 'தீவிரமாகத் தேடியும் படகு காணப்படவில்லை.'

திருத்தப் பிரிவு அதிகாரி அதைப் படித்தார். முகம் வாடியது.

"இப்படிப் பண்ணிட்டீங்களே. கடன்ல வாங்கின பொருளை மறைச்சு வெச்சிருக்கீங்க."

"மறைக்கலையே சார், இல்லையே."

"அரசு ஆய்வாளர் தீவிரமாத் தேடியிருக்கார். கிடைக்கல. அப்படின்னா எவ்வளவு திறமையா மறைச்சிருக்கணும்?" அவர் ஏதோ தட்டினார். "நாப்பது போச்சு. எனக்கே கஷ்டமா இருக்கு."

அந்த வாரம் கண்ணாடிக்காரர் ஒரு வாடிக்கையாளரின் இடது லென்ஸை வலதுபுறமும் வலது லென்ஸை இடதுபுறமும் பொருத்திக் கொடுத்தார். அந்த மனிதர் கடை வாசல் படியை இல்லாத இடத்தில் தேடி விழுந்தார். முதலாளி வேலைமேசைக்கு வந்து, தானே லென்ஸ்களைக் கழற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. சாப்பிடும்போதும் கண்ணாடிக்காரர் எழுந்து எழுந்து நடந்தார். கண்ணை மூடினால் ஒரு வெள்ளைப் படகு, வண்டிகள் ஓடும் தெருவில், சிவப்புக் கோட்டோடு, யாரும் ஓட்டாமல் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு எரிச்சல்.

திருத்தப் பிரிவில் மறுபடி போய் நின்றபோது அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. உங்க நல்லதுக்குச் சொல்றேன். படகை ஒப்படைச்சிடுங்க. ஒப்படைச்சா கணக்கு முடிஞ்சது. மறுநாளே அறிக்கை மாறிடும்."

"இல்லாத படகை எப்படி சார் ஒப்படைக்கிறது?"

"அது உங்க பாடு. நாங்க வாடிக்கையாளரோட சொந்த விஷயத்துல தலையிடறதில்ல."

வீட்டில் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு ஒரு விஷயம் பழகியிருந்தது: சில்லறை இல்லை என்பவரிடம் வாதாடிப் பயனில்லை, பஸ் கிளம்பிவிடும். "கேக்கிறது படகுதானே. கொடுத்துடுவோம்" என்றாள். தரைப்பலகையைக் காலால் தட்டி, "அண்ணே!" என்று கீழே கூப்பிட்டாள்.

வெல்டிங் அண்ணன் படியேறி வந்து கேட்டார். தன் புகையால்தான் குழந்தை இருமுகிறது என்று அவருக்குத் தெரியும். அதனால் படிகளில் ஏறும்போதெல்லாம் அவர் நடையில் ஒரு தயக்கம் இருக்கும். "படகு நான் பண்ணினதில்ல தங்கச்சி. தண்ணித் தொட்டி பண்ணியிருக்கேன். தொட்டிக்குள்ள தண்ணி நிக்கும், படகுக்கு வெளிய நிக்கும். அவ்வளவுதானே வித்தியாசம்?"

"மிதக்கணும்னு அவசியம் இல்லண்ணே" என்றார் கண்ணாடிக்காரர்.

"பண்றதைப் பண்ணினா மிதக்கத்தான் பண்ணுவேன் மச்சான். அப்புறம் என் தொழிலுக்கு என்ன மரியாதை?"

பழைய தகரப் பீப்பாய்களை வெட்டி, விரித்து, வளைத்தார். பின்பக்கம் ஒரு ரிப்பேரான பம்ப் மோட்டார். உட்கார நாலு பலகை. வெள்ளை அடித்து சிவப்புக் கோடு போட்டார்கள். வெள்ளை போதாமல் அடிப்பக்கத்தில் எண்ணெய் கம்பெனியின் எழுத்துகள் தெரிந்தன. மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கட்டினார்கள். அண்ணன் இழுக்க, கண்ணாடிக்காரர் பின்னாலிருந்து தள்ள, படகு கடைத்தெரு வழியாகப் போயிற்று. நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கை காட்டினார்.

"இது எங்க போகுது?"

"ஆபீஸுக்கு சார்."

காவலர் வானத்தைப் பார்த்தார். மழை வரும் அறிகுறி எதுவும் இல்லை. ஆனாலும் அரசாங்கத்துக்கு முன்கூட்டியே ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தவர்போல அவசரமாக வழிவிட்டார்.

மார்க் ஆபீஸின் கதவு வழியே படகு நுழையவில்லை. பக்கக் கதவையும் திறந்து, சாய்த்து, தூணில் சிராய்த்து, காத்திருக்கும் கூடத்தின் நடுவில் இறக்கினார்கள். திருத்தப் பிரிவு அதிகாரி மாடியிலிருந்து இறங்கிவந்து கோப்பைப் பார்த்தார், படகைப் பார்த்தார். சிவப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார், விரலில் பெயின்ட் ஒட்டியது.

"நல்லாப் பராமரிச்சிருக்கீங்க" என்றார்.

பிறகு ஊழியர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பேசினார். "இதோ நிக்கிறார் பாருங்க. இவருக்கும் நமக்கும் கருத்து வேறுபாடு இருந்துச்சு. அறிக்கை ஒண்ணு சொல்லுச்சு, இவரோட வாழ்க்கை வேற ஒண்ணு சொல்லுச்சு. ரெண்டுல ஒண்ணு மாறணும். அறிக்கையை மாத்தறது பெரிய வேலை. பல பேர் கையெழுத்து வேணும். வாழ்க்கையை மாத்தறது அவங்கவங்க கையிலயே இருக்கு. இவர் அதைப் புரிஞ்சுக்கிட்டார். இப்ப இவரோட அறிக்கையில ஒரு தப்புகூட இல்ல. படகு இருந்துச்சு. பணம் கட்டல. ஒப்படைச்சுட்டார். எல்லாமே உண்மை. உண்மையை உருவாக்குறதுதான் இந்த மையத்தோட பணி."

கைதட்டினார்கள். வாஷிங் மெஷின் அம்மாள் திருகிய நாற்காலியிலிருந்து எழுந்துவந்து படகில் உட்கார்ந்து பார்த்தார். "இது பரவாயில்லையே" என்றார்.

மறுநாள் அறிக்கையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் வங்கிக்கு ஓடினார். கடன் அதிகாரி படித்துவிட்டு மகிழ்ந்தார். "ரொம்ப நல்லது சார். பிரச்சினை தீர்ந்துடுச்சு."

"அப்ப கடன்?"

"அது முடியாது. கடன்ல வாங்கின பொருளைத் திருப்பி ஒப்படைச்சவருக்கு ஏழு வருஷம் எதுவும் தரக்கூடாது. அதுக்கு ஒப்படைக்காமலே இருந்திருக்கலாம், வாய்தா சொல்லி ஏதாவது பார்த்திருக்கலாம். படகு உங்களோடது இல்லைனு சொன்னீங்களேன்னு நானும் மேலிடத்துல வாதாடிட்டு இருந்தேன். இப்ப எந்த முகத்தோட வாதாடறது?"

ஏழு வருஷத்தில் குருவிக்கு என்ன வயதாகும் என்று கணக்குப் போட்டபடி அவர் வெளியே வந்தார். பாதியில் விட்டுவிட்டார்.

நர்ஸம்மாவிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று குடும்பத்தோடு நீர்த்தொட்டித் தெருவுக்குப் போனபோது வாசலில் லாரி நின்றது. நர்ஸம்மா பெட்டிகளுக்கு நடுவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நேத்தோட மாசம் முடிஞ்சுது தம்பி. நேத்துச் சாயங்காலம் ஒருத்தர் பேங்க் லெட்டரோட வந்தார். அவருக்கு ஒரே நாள்ல கடன் கொடுத்துட்டாங்களாம், அவ்வளவு சுத்தமான ஆளாம். உங்க பேரேதான் அவருக்கும். நீங்கதான்னு நினைச்சு கதவைத் திறந்தேன்."

கண்ணாடிக்காரர் உள்ளே எட்டிப்பார்த்தார். மனைவி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

உள்ளேயிருந்து வீட்டின் புதிய சொந்தக்காரர் வந்தார். பருத்த, கலகலப்பான மனிதர். குளியலறை ஓடு வியாபாரம். வந்தவர்கள் யாரென்று அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு, "வீடு பார்க்க வந்தீங்களா? மாடியை வாடகைக்கு விடறதாத்தான் இருக்கேன்" என்றார். வாடகையும் சொன்னார். அது அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. குருவி அதற்குள் மாடிப்படி ஏறிப்போயிருந்தாள்.

"ஆனா ஒண்ணு சார்" என்றார் ஓடு வியாபாரி, குரலைத் தாழ்த்தி. "உங்க மார்க் ஆபீஸ் அறிக்கையை மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க. இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல. வாங்கினதைத் திருப்பித் தராத ஆளுங்கதான் எங்க பார்த்தாலும்."

கண்ணாடிக்காரர் காகிதத்தை நீட்டினார். அதைத் தவிர அவர் கையில் வேறு எதுவும் இல்லை.

ஓடு வியாபாரி முகம் சுளித்தபடி படிக்கத் தொடங்கினார். "படகா? படகு வாங்கிட்டுப் பணம் கட்டலையா? அட என்னங்க நீங்க..." பிறகு அவர் குரல் நின்றுவிட்டது. உதடுகள் மட்டும் அசைந்தன. வெள்ளை நிறம். சிவப்புக் கோடு. நான்கு பேர் அமரலாம். பெயரைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். கண்ணாடிக்காரரை முதன்முறையாகப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நர்ஸம்மாவின் பெட்டி ஒன்றின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"ஒப்படைச்சுட்டீங்களா?"

"ஒப்படைச்சுட்டேன்."

"கணக்கு... முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. கைதட்டினாங்க."

ஓடு வியாபாரியின் கண்கள் நிறைந்துவிட்டன. "எத்தனை வருஷம்... போன் அடிச்சாலே திக்குன்னு இருக்கும்" என்று தனக்குத்தானே சொன்னார். "ஒரே ஒரு தடவைதாங்க ஓட்டினேன். இன்ஜின்ல தண்ணி ஏறிடுச்சு. அதான்... அதானே தவிர எனக்கு ஏமாத்தற புத்தி எல்லாம்..."

கண்ணாடிக்காரர் அவரை அடிக்க வேண்டுமா ஆறுதல் சொல்ல வேண்டுமா என்று தெரியாமல் கைகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டார். கடைசியில், "பரவாயில்லைங்க, விடுங்க" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி. அவள் ஓடு வியாபாரியின் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, நான்காக மடித்தாள். "வாடகை எவ்வளவு சொன்னீங்கண்ணே?"

அவர் தொகையைச் சொன்னார். முன்பு சொன்ன குரலில் இல்லை.

அவள் அதில் பாதியைச் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"மாடிக்குத் தனிக் கரன்ட் மீட்டர் வெச்சுக் கொடுக்கணும்."

தலையாட்டினார்.

"ஜன்னல் எல்லாத்துக்கும் கொசுவலை. நாளைக்கே சாமான் ஏத்திடுவோம்."

மாடியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு கதவு துருப்பிடித்திருந்தது, குருவி அதையும் விடாமல் தட்டித் திறந்தாள். ஓடு வியாபாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். வியாபாரியாக இருந்த பழக்கத்தில் கடைசியாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து நழுவிவிட்டது.

"அட்வான்ஸ் ஏதாவது...?"

"அட்வான்ஸா?" என்றாள் மனைவி, மடித்த காகிதத்தைப் பைக்குள் வைத்தபடி. "அதைத்தான் உங்க பேருக்கு முழுசாக் கட்டிட்டு வந்திருக்கோமே அண்ணே. சாவியைக் கொடுங்க."